எஞ்சின் ஏன் திணறுகிறது?

வண்டிக்கு மாடு எப்படியோ, வள்ளத்துக்கு எஞ்சின் அப்படி. மாடு படுத்துவிட்டால் வண்டி நகராது. ஆனால் வண்டி நிற்பது தரையில். வள்ளம் நிற்பதோ கடலில்.

கடலில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும்? பிடித்த மீன் கெட்டுப்போகும். ஊற்றிய எண்ணெய் வீணாகும். காற்றும் நீரோட்டமும் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போகும். கரைக்கு அருகே அலை உடையும் இடத்தில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

எஞ்சின் பெரும்பாலும் திடீரென்று நிற்பதில்லை. முதலில் திணறும். இருமும். குலுங்கும். புகை விடும். "எனக்கு ஏதோ குறை" என்று அது சொல்கிறது. அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டால், பல குறைகளை நாமே சரி செய்யலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொறுமை வேண்டும். ஒழுங்கு வேண்டும். கொஞ்சம் எழுத்தும் எண்ணும் தெரிந்திருந்தால் போதும்.

வள்ளத்துக்கு எஞ்சின் வந்த கதை

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சினை அவுட்போர்டு எஞ்சின் என்கிறோம். "வெளியே மாட்டுவது" என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-இல் இத்தகைய எஞ்சினைச் செய்து விற்கத் தொடங்கினார்.

நம் நாட்டில் கேரளக் கடற்கரையில் 1980-களின் தொடக்கத்தில் இது வேகமாகப் பரவியது. அதுவரை துடுப்பும் பாயும்தான் துணை. எஞ்சின் வந்த பிறகு தொலைவாகப் போக முடிந்தது. சீக்கிரம் திரும்ப முடிந்தது. இன்று விழிஞ்ஞம், பூந்துறை, ஆலப்புழை என்று பல கடற்கரைகளில் இந்த எஞ்சின் ஓசை கேட்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதே எஞ்சின்தான்.

ஜூன், ஜூலை மாதங்களில் கேரளத்தில் பெரிய இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. அப்போதும் வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன. கடல் கொந்தளிக்கும் மழைக்காலமும் அதுதான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் முதலப்பொழி என்ற அழிமுகம் இருக்கிறது. அங்கே வள்ளங்கள் கவிழ்ந்து பல மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தைக் கடக்கும்போது எஞ்சின் திணறக் கூடாது. ஆகவே எஞ்சினைக் கரையிலேயே பார்த்துச் சரி செய்வது கடலில் உயிரைக் காக்கும் வேலை.

எஞ்சினுக்கு வேண்டியவை நான்கு

மனிதனுக்குச் சோறும் தண்ணீரும் காற்றும் வேண்டும். எஞ்சினுக்கும் அப்படித்தான். அதற்கு நான்கு பொருள்கள் வேண்டும்.

1. எரிபொருள். அதாவது பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய்.
2. காற்று. காற்று இல்லாமல் எதுவும் எரியாது.
3. தீப்பொறி. இதை பிளக் கொடுக்கிறது.
4. குளிர்விக்கத் தண்ணீர். இதைக் கடலிலிருந்து எஞ்சினே உறிஞ்சிக்கொள்கிறது.

முதல் மூன்றில் ஒன்று குறைந்தால் எஞ்சின் திணறும். நான்காவது குறைந்தால் எஞ்சின் வெந்துபோகும். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒன்று ஒன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றக் கூடாது. கழற்றினால் குறை எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

முதலில் பாதுகாப்பு

கடலில் எஞ்சின் நின்றுவிட்டதா? உடனே மூடியைத் திறக்காதீர்கள். முதலில் உயிர்காப்புச் சட்டையைப் போடுங்கள். ஆழம் இடம் கொடுத்தால் நங்கூரத்தை இறக்குங்கள். வள்ளம் பாறைப் பக்கம் போகாமல் இருக்கும். அதன் முகமும் அலைக்கு நேராக நிற்கும். பிறகு எஞ்சினைப் பாருங்கள்.

எஞ்சினைத் தொடும்போது பீடி, சிகரெட், விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. அது வள்ளத்தின் அடியில் தங்கி நிற்கும். சிறு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

விசிறியைத் தொடுவதற்கு முன் எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்தும் கயிற்றின் கொக்கியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் இது சிவப்புக் கயிறாக இருக்கும். எஞ்சின் கிளம்பாதபோதும் முதலில் இதையே பாருங்கள். கொக்கி சரியாக மாட்டாமல் இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது.

எப்போது திணறுகிறது?

வைத்தியர் என்ன கேட்பார்? "எப்போதிலிருந்து காய்ச்சல்? சாப்பிட்டபின் வலிக்கிறதா, பசிக்கும்போது வலிக்கிறதா?" இப்படிக் கேட்பார். எஞ்சினைப் பற்றியும் இப்படிக் கேட்க வேண்டும்.

நன்றாகக் கிளம்பி, சில நிமிடம் ஓடி, பிறகு நிற்கிறதா? எரிபொருள் வரும் வழியில் அடைப்பு இருக்கலாம்.

மெதுவாக ஓடும்போது மட்டும் திணறுகிறதா? கார்புரேட்டரில் அழுக்கு இருக்கலாம்.

வேகம் கூட்டும்போது மட்டும் திணறுகிறதா? எரிபொருள் போதுமான அளவு வரவில்லை. அல்லது பிளக் பலவீனமாக இருக்கிறது.

எப்போதும் நொண்டி நொண்டி ஓடுகிறதா? இரண்டு சிலிண்டர் உள்ள எஞ்சினில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம்.

எஞ்சின் ஓசை சரியாக இருந்தும் வள்ளம் குலுங்குகிறதா? விசிறியைப் பாருங்கள். எஞ்சினை வள்ளத்தோடு பிடித்திருக்கும் திருகுகளையும் பாருங்கள்.

கறுப்புப் புகை வருகிறதா? சோக்கை உள்ளே தள்ள மறந்திருக்கலாம். சோக் இழுத்தபடியே இருந்தால் காற்று குறையும். எரிபொருள் அதிகமாகும். எஞ்சின் திணறும். எஞ்சின் சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

டேங்கும் குழாயும்

டேங்கின் மூடியில் ஒரு சிறிய காற்றுத் திருகு உண்டு. எஞ்சின் ஓடும்போது அதைத் திறந்து வைக்க வேண்டும். ஏன்? டேங்கிலிருந்து எண்ணெய் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வராவிட்டால் எண்ணெயும் வராது. தேங்காயில் ஒரு கண்ணை மட்டும் துளைத்துக் கவிழ்த்தால் இளநீர் சரியாக வருகிறதா? வராது. இன்னொரு துளை போட்டால்தான் வரும். டேங்கும் அப்படித்தான்.

ஐந்து, பத்து நிமிடம் ஓடி எஞ்சின் நிற்கிறது என்றால் முதலில் டேங்க் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் குறை அங்கேதான். காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். உப்பு அடைத்திருந்தால் கழுவிச் சுத்தம் செய்யுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இது தெரியாமல் புதிய கார்புரேட்டர் வாங்குகிறவர்களும் உண்டு.

அடுத்தது குழாய். குழாயின் நடுவில் பந்து போன்ற ரப்பர் பம்பு இருக்கும். அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் இந்தப் பந்தை அழுத்த வேண்டும். சில முறை அழுத்தியதும் அது கெட்டியாகும். கெட்டியானால் எண்ணெய் எஞ்சினுக்குப் போய்விட்டது என்று பொருள்.

எவ்வளவு அழுத்தியும் பந்து கெட்டியாகவில்லையா? குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. அல்லது எண்ணெய் ஒழுகுகிறது. குழாய் வெடித்திருக்கிறதா, இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பந்து உள்ளே ஒடுங்கிச் சப்பையாகிறதா? டேங்கின் பக்கம் அடைப்பு இருக்கிறது.

இன்னொரு நல்ல சோதனை உண்டு. எஞ்சின் திணறத் தொடங்கும்போது ஒருவர் பந்தை அழுத்தட்டும். எஞ்சின் உடனே சுறுசுறுப்பானால் பிளக்கில் குறையில்லை. எண்ணெய் வரும் வழியில்தான் குறை. குழாயையும் வடிகட்டியையும் எஞ்சினில் உள்ள எண்ணெய் பம்பையும் பார்க்க வேண்டும்.

எண்ணெயில் தண்ணீர்

கடலில் எங்கும் தண்ணீர். எண்ணெயில் அது கலந்துவிடுவது எளிது. மழை பெய்யும்போது டேங்கைத் திறந்தால் போதும். தண்ணீர் எரியாது. ஆகவே எஞ்சின் இருமும். பிறகு நிற்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? எண்ணெயைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். கால் மணி நேரம் அசைக்காமல் நிழலில் வையுங்கள். பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும்விடத் தண்ணீர் கனமானது. அது அடியில் தனியாக நிற்கும். நடுவில் ஒரு கோடு தெரியும்.

பெட்ரோலில் இன்னொரு செய்தியும் உண்டு. இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2025-இல் இந்தக் கலவை 20 சதவீதத்தை எட்டியது. அதாவது 100 லிட்டரில் 20 லிட்டர் எத்தனால். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும் குணம் உள்ளது. ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அந்தப் பெட்ரோலை எஞ்சினுக்கு ஊற்றக் கூடாது. ஆகவே பெட்ரோலைப் பல வாரங்கள் சேர்த்து வைக்க வேண்டாம். தேவைக்கு வாங்கி, இறுக மூடி வையுங்கள். பழைய குழாயும் ரப்பர் வளையமும் எத்தனாலால் இளகிப்போகலாம். அவற்றையும் அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.

கெட்ட எண்ணெயைக் கடலில் கொட்டாதீர்கள். மீன் வாழும் இடம் அது. நமக்குச் சோறு போடும் இடமும் அதுதான்.

ஆயில் கணக்கு

பல வள்ளங்களில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இதில் பெட்ரோலோடும் மண்ணெண்ணெயோடும் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். சில எஞ்சின்களில் ஆயிலுக்குத் தனி டேங்க் இருக்கும். அதில் கலக்க வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினிலும் எரிபொருளில் ஆயில் கலக்கக் கூடாது. உங்கள் எஞ்சின் எந்த வகை என்று அதனுடன் வந்த புத்தகத்தில் பாருங்கள்.

எவ்வளவு கலப்பது? அதையும் புத்தகம் சொல்லும். 50:1 என்று போட்டிருந்தால் 50 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு ஆயில். 25:1 என்று போட்டிருந்தால் 25 பங்குக்கு 1 பங்கு.

ஒரு லிட்டர் என்பது 1000 மில்லி. 1000-ஐ 50-ஆல் வகுத்தால் 20. ஆகவே 50:1 கணக்கில் ஒரு லிட்டருக்கு 20 மில்லி ஆயில். பத்து லிட்டருக்கு 200 மில்லி. 25:1 என்றால் இரண்டு மடங்கு. ஒரு லிட்டருக்கு 40 மில்லி. பத்து லிட்டருக்கு 400 மில்லி.

ஆயில் அதிகமானால் புகை வரும். பிளக் ஈரமாகும். எஞ்சின் திணறும். ஆயில் குறைந்தால் இதைவிட மோசம். உள்ளே இரும்பும் இரும்பும் உராயும். எஞ்சின் இறுகிவிடும். பிறகு செலவு ஆயிரக்கணக்கில். ஆகவே கண்ணளவில் ஊற்றாதீர்கள். அளவுக் குவளையில் பார்த்து ஊற்றுங்கள். பிறகு நன்றாகக் குலுக்குங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்

மண்ணெண்ணெய்க்கு என்றே செய்த எஞ்சின்கள் உண்டு. இவற்றைப் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. சில நிமிடம் ஓடி எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. நிறுத்தும்போதும் இதே வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டும். நிறுத்தச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றுங்கள். அப்போதுதான் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும். அடுத்த முறை எஞ்சின் எளிதாகக் கிளம்பும். மாற்றாமல் நிறுத்தினால் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் கை வலிக்க இழுக்க வேண்டியதுதான்.

மண்ணெண்ணெயில் நெடுநேரம் மெதுவாக ஓட்டினால் பிளக்கில் கரி படியும். பெட்ரோலுக்கு மட்டும் செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. சிக்கனம் என்று நினைத்து ஊற்றினால் எஞ்சின் கெடும்.

பிளக் சொல்லும் சேதி

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் உள்ளே என்ன நடக்கிறது என்று அது சொல்லும்.

நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி.
கறுப்பாக, ஈரமாக, ஆயில் பிசுக்கோடு இருந்தால் அந்தச் சிலிண்டரில் சரியாக எரியவில்லை. பிளக் கெட்டிருக்கலாம். ஆயில் அதிகமாக இருக்கலாம்.
உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு.
வெள்ளையாக வெந்தது போல இருந்தால் எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது. அல்லது எரிபொருள் போதவில்லை. இது ஆபத்தான அடையாளம். அப்படியே ஓட்டக் கூடாது.

ஒரு வள்ளத்தில் நடப்பதாக இதைப் படியுங்கள். மாமனும் மருமகனும் கடலுக்குப் போகும் முன் கரையில் எஞ்சினைப் பார்க்கிறார்கள்.

"மாமா, எஞ்சின் நொண்டுது. கார்புரேட்டரைக் கழற்றட்டுமா?"

"பொறு மக்கா. இரண்டு பிளக்கையும் கழற்று. எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று மறந்துவிடாதே."

"மேலே உள்ளது பழுப்பா இருக்கு மாமா. கீழே உள்ளது கறுத்து ஈரமா இருக்கு."

"அப்போ கீழே உள்ள சிலிண்டர்தான் தூங்குது. இனி ஒரு வேலை செய். இரண்டையும் துடைத்துவிட்டு மாற்றிப் போடு. மேலே உள்ளதைக் கீழே, கீழே உள்ளதை மேலே."

"மாற்றினா சரியாயிடுமா மாமா?"

"சரியாகாது. ஆனா குறை எங்கே இருக்குன்னு தெரியும். கொஞ்ச நேரம் ஓட்டிட்டு மறுபடி கழற்றிப் பார். இப்போ மேலே உள்ளது ஈரமாச்சுன்னா பிளக்தான் கெட்டது. புதுசு போட்டால் போதும். அப்பவும் கீழே உள்ளதே ஈரமாச்சுன்னா பிளக் நல்லது. ஒயரோ, காயிலோ, வேற ஏதோ குறை. அதை மெக்கானிக்கிட்ட சொல்லணும்."

மருமகன் அப்படியே செய்தான். இந்த முறை மேலே உள்ள பிளக் ஈரமாக இருந்தது. ஒரு புதிய பிளக் போட்டார்கள். எஞ்சின் சீராக ஓடியது. கார்புரேட்டரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

பிளக் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில:

எஞ்சின் நின்று, ஆறியிருக்க வேண்டும்.
மூடியைப் பிடித்துக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.
புத்தகத்தில் சொன்ன எண் உள்ள பிளக்கையே வாங்குங்கள். பிளக்கின் மேலேயே எண் இருக்கும். படித்துப் பாருங்கள்.
நுனியில் உள்ள இடைவெளியும் புத்தகத்தில் சொன்னபடி இருக்க வேண்டும்.
முதலில் கையால் திருகுங்கள். கை நின்ற பிறகு புதிய பிளக்கை ஸ்பானரால் ஏறக்குறைய அரைச் சுற்று இறுக்கினால் போதும். முரட்டுத்தனமாக இறுக்கினால் மரை போய்விடும்.

சிலர் எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். அது வேண்டாம். பலமாக ஷாக் அடிக்கும். ஆடும் வள்ளத்தில் ஷாக் அடித்தால் கடலில் விழ நேரும். எஞ்சினின் மின் பாகமும் கெடலாம்.

கார்புரேட்டர்

எரிபொருளையும் காற்றையும் சரியான அளவில் கலப்பது கார்புரேட்டர். அதன் உள்ளே ஊசி முனை போன்ற துளைகள் உண்டு. ஒரு மணல் துகள் போதும், துளை அடைத்துவிடும். எஞ்சினைப் பல நாள் சும்மா வைத்தாலும் உள்ளே நின்ற எண்ணெய் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும்.

கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு, கீழே ஒரு டப்பாவை வைத்து அதைத் திறங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் வடியும். அதில் தண்ணீரோ துருவோ மணலோ இருந்தால் தெரியும். சில நேரம் இந்த ஒரு வேலையிலேயே திணறல் நின்றுவிடும். நிற்காவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். பழகாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. துளைகளில் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் அளவு கெட்டுவிடும்.

கரையில் எஞ்சினைப் பல நாள் வைக்கப் போகிறீர்களா? கார்புரேட்டரில் உள்ள எண்ணெயை வடித்துவிட்டு வையுங்கள்.

தண்ணீர் பீச்சுகிறதா?

எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சும். அது எஞ்சினின் நாடி. கிளப்பியதும் அதைப் பாருங்கள். ஓட்டும்போதும் திரும்பிப் பாருங்கள்.

தண்ணீர் வரவில்லையா? உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கீழே தண்ணீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பையோ பாசியோ ஒட்டியிருக்கலாம். அதை எடுத்துவிடுங்கள். பீச்சும் துளையில் உப்போ மணலோ அடைத்திருக்கலாம். ஒரு துண்டுத் தங்கூசியை விட்டு அடைப்பை நீக்குங்கள். அப்போதும் வராவிட்டால் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கும். மணல் கலந்த தண்ணீரில் ஓட்டினால் அது சீக்கிரம் தேயும். அதை மாற்ற வேண்டும்.

கரையில் எஞ்சினைச் சோதிக்கும்போது தண்ணீர் நிறைந்த டிரம்மில் அதன் கால் மூழ்கியிருக்க வேண்டும். "ஒரு நிமிடம்தானே" என்று தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் ரப்பர் சக்கரம் கருகிவிடும்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் உப்பு கழுவப்படும். உப்புதான் எஞ்சினின் பெரிய எதிரி.

விசிறி

எஞ்சின் ஓசை சரியாக இருக்கிறது. ஆனால் வள்ளம் குலுங்குகிறது. அல்லது நகர மறுக்கிறது. அப்போது விசிறியைப் பாருங்கள்.

வலை நூலும் தங்கூசியும் விசிறியின் அச்சில் சுற்றிக்கொள்ளும். உடனே வெட்டி எடுங்கள். விட்டுவிட்டால் அது உள்ளே போய் ஆயில் சீலை அறுத்துவிடும். பிறகு கியர் ஆயிலில் கடல் தண்ணீர் கலக்கும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்.

விசிறியின் இதழ் வளைந்தாலோ உடைந்தாலோ வள்ளம் குலுங்கும். எஞ்சின் கத்துகிறது, வள்ளம் நகரவில்லை என்றால் விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் வழுக்குகிறது. சில சிறிய எஞ்சின்களில் பின் உடைந்திருக்கும். ஒரு பின்னை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

எஞ்சினைப் பிடித்திருக்கும் திருகுகளை ஒவ்வொரு முறையும் இறுக்குங்கள். எஞ்சினை ஒரு கயிற்றாலும் வள்ளத்தோடு கட்டி வையுங்கள். திருகு கழன்றாலும் எஞ்சின் கடலுக்குள் போகாது.

எப்போது மெக்கானிக்கிடம் போவது?

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது. கயிற்றை இழுக்கும்போது கொஞ்சமும் எதிர்ப்பு இல்லாமல் வந்தால் உள்ளே அழுத்தம் போய்விட்டது. உள்ளே தட்டும் சத்தம் கேட்டாலோ, எஞ்சின் இறுகினாலோ, கியர் ஆயில் வெளுத்தாலோ நாமே பிரிக்க வேண்டாம். ஓடும்போது எஞ்சின் கடலில் விழுந்தாலும் வலுவாக இழுத்துக் கிளப்ப முயலாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். நாள் தள்ளினால் உள்ளே துரு ஏறும்.

மெக்கானிக்கிடம் போகும்போதும் நமக்குத் தெரிந்ததைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "எஞ்சின் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். "பிளக்கை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். கீழே உள்ள சிலிண்டர்தான் ஈரமாகிறது" என்று சொன்னால் அவர் வேலை பாதி குறையும். நம் செலவும் குறையும். தேவையில்லாத பாகத்தை யாரும் நம் தலையில் கட்ட முடியாது.

எஞ்சினுக்கு ஒரு நோட்டு

பிள்ளைகள் பழைய நோட்டில் மீதி வைத்த பக்கங்கள் இருக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வந்த பிறகும் ஒரு வரி எழுதுங்கள். தேதி என்ன? எத்தனை லிட்டர் எண்ணெய்? எத்தனை மில்லி ஆயில்? எத்தனை மணி நேரம் ஓடியது? என்ன குறை தெரிந்தது? என்ன மாற்றினோம்? அதன் விலை என்ன?

இரண்டு மாதம் கழித்து நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அதே தொலைவுக்கு முன்பு 20 லிட்டர் ஆனது, இப்போது 26 லிட்டர் ஆகிறது என்று தெரியவரும். எஞ்சின் திணறுவதற்கு முன்பே நோட்டு நம்மை எச்சரித்துவிடும்.

வள்ளத்தில் எப்போதும் இருக்க வேண்டிய பொருள்களையும் அதில் எழுதி வையுங்கள். இரண்டு புதிய பிளக், பிளக் ஸ்பானர், இடுக்கி, திருப்புளி, கத்தி, ஒரு பின், கிளப்பும் கயிறு ஒன்று, உலர்ந்த துணி. இவற்றை மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். துடுப்பு, நங்கூரம், குடிதண்ணீர், உயிர்காப்புச் சட்டை, சார்ஜ் உள்ள போன் ஆகியவையும் வேண்டும். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். அந்த எண்ணை வள்ளத்தின் உள்பக்கம் பெயிண்டால் பெரிதாக எழுதி வையுங்கள். ஆபத்து நேரத்தில் எல்லோர் கண்ணிலும் படும்.

கடல் நம் கையில் இல்லை. காற்றும் மழையும் நம் கையில் இல்லை. எஞ்சின் நம் கையில் இருக்கிறது. அதைக் கரையிலேயே கவனிப்போம்.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்

1. எஞ்சினுக்கு வேண்டிய நான்கு பொருள்கள் எவை?
2. சில நிமிடம் ஓடி எஞ்சின் நின்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
3. கணக்கு 50:1. டேங்கில் 15 லிட்டர் பெட்ரோல் இருக்கிறது. எத்தனை மில்லி ஆயில் கலக்க வேண்டும்?
4. மண்ணெண்ணெய் எஞ்சினை நிறுத்துவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?
5. உங்கள் எஞ்சினில் போடும் பிளக்கின் எண் என்ன? நாளை பார்த்து நோட்டில் எழுதுங்கள்.